அடுத்தவர் டோக்கனில் பார்த்த தீவு

கோடை தொடங்கினால் அந்தத் தீவின் விளம்பரம் டிவியில் வரும். படகிலிருந்து இறங்கும் ஒரு குடும்பம், தட்டில் ஆவி பறக்கும் இறால், வண்ண விளக்குப் போட்ட பழைய கலங்கரை விளக்கம். "கோடை விழாவுக்கு வாங்க" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கூப்பிடுவாள். அவள் வாயை மூடுவதற்குள் அப்பா சேனலை மாற்றிவிடுவார். ரிமோட் என் கையில் இருந்தால் நானே மாற்றிவிடுவேன். ஏன் மாற்றுகிறோம் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

ஆனால் நாங்கள் அங்கே போயிருக்கிறோம், நான் ஆரம்பப் பள்ளியில் படித்த ஒரு கோடையில்.

அப்பா அப்போது நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கரி போகும் பெல்ட்டின் ஓரத்தில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுவது அவர் வேலை. ஓர் ஆள் ஆயுள் முழுக்க அள்ளினாலும் சிந்துவது நிற்காது. ஆகவே வேலை நிரந்தரம்; ஆள்தான் நிரந்தரம் இல்லை. நெய்வேலியில் மனிதர்களை அப்படித்தான் பிரித்துச் சொல்வார்கள்: கான்ட்ராக்ட், சொசைட்டி, பர்மனென்ட். கான்ட்ராக்டில் இருப்பவர் சொசைட்டி என்கிற தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குள் போய்விட்டால் பாதிக் கரையேறியது மாதிரி. சீனியாரிட்டி வரும், என்றைக்காவது பர்மனென்ட் ஆகலாம், டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்கலாம். அந்தக் கோடையில் அப்பாவின் செக்‌ஷனிலிருந்து சிலரைச் சொசைட்டிக்கு எடுப்பதாக இருந்தார்கள். யாரை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் அந்த செக்‌ஷனின் ஃபோர்மேன். அவருடைய குவார்ட்டர்ஸில்தான் அம்மா பாத்திரம் தேய்த்து வீடு துடைத்தாள்.

ஃபோர்மேனையும் அவர் மனைவியையும் நான் மாமா, அத்தை என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. டவுன்ஷிப் பிள்ளைகள் போல 'அங்கிள், ஆன்ட்டி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குச் சின்னதாகிப் போன கவுன்கள் எனக்கு வரும். அவளுடைய பழைய பென்சில் டப்பாவும் வந்திருக்கிறது. அந்தக் கோடையில் அவளுடைய பெயரும் வந்தது.

டவுன்ஷிப்பில் ஒரு மன்றம் இருந்தது. பர்மனென்ட் ஊழியர்களின் குடும்பங்களை வருடம் ஒருமுறை எங்காவது சுற்றுலா அழைத்துப் போவார்கள். அந்த வருடம் கடலூர்ப் பக்கம் உப்பங்கழிக்குள் இருக்கும் தீவு. கோடை விழா பார்த்து, ரிசார்ட்டில் சாப்பிட்டு, மாலையில் திரும்புவது. மாமா வீட்டில் டோக்கன் வாங்கி வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் ஊரில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு. கிளம்பும் அவசரத்தில் அத்தை டோக்கன்களை அம்மாவின் கையில் திணித்தாள்.

"வீணாத்தான போகுது, நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. பஸ்ல பேர் கேட்டா எங்க பேரச் சொல்லிடுங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல."

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "சார் வூட்டு ஆளுங்க மாதிரி நம்மள நெனைக்கலன்னா குடுப்பாங்களா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சொசைட்டி வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்றே நம்பினார்.

புறப்படும் நாள் காலையில் எனக்குப் பாடம் நடந்தது. அந்தப் பெண்ணின் கவுனை மாட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் பெயரை அம்மா திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அப்பா மாமாவின் பழைய சட்டையில் இருந்தார். நகக்கண்ணில் இருந்த கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"கம்முனு வேடிக்கப் பாத்துகினு, போட்டதச் சாப்ட்டுகினு வந்துடணும். யாருனா பேரு கேட்டா?"

சொன்னேன்.

"அப்பா பேரு?"

மாமாவின் பெயரைச் சொன்னேன். அப்பா சிரித்தார். "நீ கெட்டிக்காரிடி பாப்பா" என்றார்.

பஸ்ஸில் பெயர் கேட்டவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன் சீட்டில் கூலிங் கிளாஸ் போட்ட ஓர் அம்மா இருந்தார். திரும்பி, "எந்த பிளாக் நீங்க? பாத்ததே இல்லையே" என்றார். அம்மா பிளாக்கைச் சொன்னாள். எந்த ரோடு என்றார். அம்மா ரோட்டையும் சொல்லி, ரேஷன் கடைக்கு எதிர்சந்து, வாசலில் மாமரம், சமையல் ரூம் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கும் என்பதுவரை சொன்னாள். தினமும் துடைக்கிற ஜன்னல். தன் வீட்டைப் பற்றி யாரும் அவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

வடலூர், குள்ளஞ்சாவடி தாண்டிக் கடலூர். அங்கிருந்து படகு. நான் கடலையே அன்றுதான் பார்த்தேன். ஆனால் அந்தப் பெண் வருடா வருடம் பார்த்திருப்பாள் என்று தோன்றியதால், ஆச்சரியப்படாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

தீவு முழுக்கத் தோரணம் கட்டியிருந்தார்கள். குதிரைச் சவாரி, ராட்டினம், தண்ணீர் பலூன், குல்ஃபி வண்டி. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், எப்போதோ வெள்ளைக்காரர்கள் துணி மூட்டைகளை அடுக்கி வைத்த ஒரு பெரிய கிடங்கு. ஓடுகளை மாற்றிச் சுண்ணாம்பு அடித்து அதை அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். நாங்கள் அதிக நேரம் இருந்தது அங்கேதான், அப்பாவால். சுவர் முழுக்கப் பலகைகள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்கப் போனவள் நான்தான். அப்பா ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நின்று, "இதுல என்னா போட்டுகிது?" என்பார். நான் படிப்பேன். துணி எங்கே நெய்தார்கள், கப்பல் எங்கே போனது, புயலில் எது மூழ்கியது. 'தொடாதீர்' என்பதையும் படிக்கச் சொன்னார். 'கழிப்பறை செல்லும் வழி' என்பதையும் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க அவர் கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கும் கேட்கிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு வியாபாரியின் கல்லறை இருந்தது. அவர் முந்திரிப் பழத்தை அளவில்லாமல் தின்று வயிற்று வலியில் செத்தார் என்று சுற்றிக் காட்டியவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அதை வரலாறு என்றே மனதில் குறித்துக்கொண்டேன்.

மதியம் சாப்பாடு. கடலைப் பார்த்த பெரிய ஹாலில் வட்ட மேஜைகள், வெள்ளைத் துணி, தட்டின் மேல் கொக்கு மாதிரி மடித்து வைத்த கைத்துண்டு. நாங்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். எல்லோரும் சுவரோரம் போய்த் தட்டில் தாங்களே போட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். பந்தி என்றால் பரிமாறுவார்கள். தானாக எழுந்து போய் எடுத்துக்கொள்வது மரியாதை இல்லை என்று அப்பா என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். பசி தாங்காமல் நான் கொக்கின் கழுத்தை அவிழ்த்துவிட்டேன். அதை மறுபடி கொக்காக்க அம்மா பட்ட பாடு சொல்லி முடியாது. கடைசியில் ஒரு சர்வர் வந்து, "நீங்களே எடுத்துக்கலாம் சார்" என்றார். அப்பாவை யாரோ 'சார்' என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இறால் வறுவல், மீன் குழம்பு, கேசரி, ஐஸ்கிரீம். வயிறு நிறையச் சாப்பிட்டோம். பிறகு அம்மா ஒன்று செய்தாள். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. எச்சில் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முட்களை வழித்து ஓரமாக ஒதுக்கி, மேஜையைத் துடைத்து, அடுக்கைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடம் எங்கே என்று பார்த்தாள்.

பக்கத்து மேஜையிலிருந்து கூலிங் கிளாஸ் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சிடுங்க, அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்ல வேலை செய்யற பொண்ணும் இப்டித்தான் அடுக்கும்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். தட்டுகளை வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு அம்மா போகலாம் போகலாம் என்றுதான் சொன்னாள். ஆனால் படகு மாலையில்தான். மேடையில் பிள்ளைகளுக்குப் போட்டிகள் ஆரம்பித்தன. மியூசிக்கல் சேர், சாக்கு ஓட்டம், பிறகு பேச்சுப் போட்டி: 'இன்று நான் பார்த்த தீவு'. யாரும் முன்வரவில்லை. மன்றத்துப் பெண் ஒருவர் கூட்டத்துக்குள் வந்து, கண்ணில் பட்ட பிள்ளைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார். என்னையும் பிடித்தார். பெயர் கேட்டார். சொல்லிக்கொடுத்த பெயரைத் தடுமாறாமல் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், தலையாட்டினாள்.

"பரிசு குடுத்தா யாருக்கும்மா?" என்று காதில் கேட்டேன்.

"அந்தப் பாப்பாவுக்குத்தான். அவங்க டோக்கன்தான? ஊர்லேந்து வந்ததும் குடுத்துடலாம்."

பரிசுகள் மேஜையில் இருந்தன. முதல் பரிசு மூன்றடுக்கு டிபன் கேரியர், பளபளவென்று. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபத்தில்தான் நான் அவ்வளவு நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டிய பலகைகள் எல்லாம் வரிசையாக வந்தன. நெசவு, கப்பல், புயல், கடைசியில் முந்திரிப் பழம் தின்று செத்த வியாபாரி. அந்த இடத்தில் கூட்டம் வெடித்துச் சிரித்தது. கை தட்டினார்கள். பின்வரிசையில் அப்பா நின்றுகொண்டே தட்டினார்.

மன்றத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். முதல் பரிசு என்று சொல்லி அந்தப் பெண்ணின் பெயரை வாசித்தார். பிறகு மாமாவின் பெயரையும் உத்தியோகத்தையும் சொல்லி, "நம்ம ஃபோர்மேன் சாரோட அருமை மகள்" என்று முடித்தார்.

நான் படியேறிக்கொண்டிருந்தேன்.

"சார்! அது எம் பொண்ணு சார்!"

அப்பாவின் குரல். கூட்டம் திரும்பியது. செயலாளர் சிரித்தார். "ஆமா சார், உங்க பொண்ணுதான். வாங்க, நீங்களும் மேடைக்கு வாங்க."

"இல்ல சார். நீங்க சொன்ன பேரு எம் பேரு இல்ல. அவ பேரும் அது இல்ல." அப்பா என் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். "நான் மைன்ஸ்ல கான்ட்ராக்ட் சார். பெல்ட் கிளீனிங். அவ எம் பொண்ணு."

அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை உணரவே இல்லை.

மேடையில் சிறப்பு விருந்தினராக வந்திருந்த வயதான அதிகாரி அம்மா, "அதுக்கென்ன, சரியான பேர்லயே குடுத்துடுவோம்" என்று என் பெயரை மைக்கில் சொல்லிக் கேரியரைக் கொடுத்தார். மறுபடி கைதட்டல். என் பெயரை மைக்கில் கேட்டது அதுவே முதல் முறை. தீவு முழுவதும் கேட்டது. ராட்டினத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். வெற்றி எங்களுக்கு என்று நினைத்தேன்.

கீழே வந்தபோது செயலாளர் அப்பாவைத் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் சொன்னார்.

படகில் அப்பாவின் முகம் சிவந்து ஜொலித்தது. "எவ்ளோ மரியாதயா கேட்டாரு தெரியுமா? 'உக்காருங்க'ன்னு நாற்காலியப் போட்டாரு. எந்த செக்‌ஷன், எத்தினி வருசமா இருக்கீங்க, எல்லாம் கேட்டாரு."

"நீ என்னாய்யா சொன்ன?" என்றாள் அம்மா.

"கேட்டதுக்கெல்லாம் சொன்னன்."

"டோக்கன் குடுத்தது யாருன்னுமா?"

"கேட்டாரு. சொன்னன்."

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு ஆட்டத்தில் தலைசுற்றுகிறது போல என்று நினைத்து, பஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்ததில் மீந்திருந்த என் புளிப்பு மிட்டாயை அவளுக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் கூலிங் கிளாஸ் அம்மா வேறு சீட்டுக்கு மாறியிருந்தார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஊரிலிருந்து மாமா வீட்டார் திரும்பிய அன்று அம்மா வேலைக்குப் போனாள். நானும் போனேன். கேட் பூட்டியிருந்தது. அத்தை வராந்தாவில் நின்றபடியே, "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வாயை வச்சுக்கிட்டு இருக்க முடியலையா? போங்க, வேற ஆள் பாத்துக்கறோம்" என்றாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். நான் அவள் கவுனில்தான் நின்றிருந்தேன்.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே, கரித்தூள் படிந்த எங்கள் தெருவுக்கு அவர் வந்ததே இல்லை. ஸ்கூட்டரிலிருந்து இறங்காமல் ஒரு காலை மண்ணில் ஊன்றி நின்றார். அப்பா ஓடிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா தாழ்ந்த குரலில் பேசினார். அப்பா தலையை ஆட்டினார். மாமா ஏதோ கேட்டார். அப்பா மறுபடியும் ஆட்டினார்.

அவர் கேட்டது என்னவென்று எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள். டோக்கனை அடுத்தவருக்குக் கொடுத்தது பற்றி மன்றத்திலிருந்து மேலே எழுதிவிட்டார்களாம். மாமாவிடம் விளக்கம் கேட்டார்களாம். 'வேலைக்காரப் பொம்பள எங்களுக்குத் தெரியாம மேஜையிலேருந்து டோக்கனை எடுத்துட்டான்னு சொல்லியிருக்கேன். உன்னைக் கேட்டா ஆமான்னு சொல்லிடு. எனக்கு இன்கிரிமென்ட் நின்னுடும். கொஞ்ச நாள் போகட்டும், உன்னை நானே சொசைட்டில எடுத்து வுட்டுடறேன்.' இதுதான் மாமா சொன்னது.

அப்பா ஆமாம் என்று சொன்னார். செக்‌ஷன் ஆபீஸில் நாலு பேர் முன்னால், என் பொண்டாட்டிதான் எடுத்தாள் என்று சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து கான்ட்ராக்டர் அவரைக் கூப்பிடவில்லை. மாமா மாற்றலாகிப் போனார், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவோடு பெல்ட்டுக்கு அடியில் கரி அள்ளியவர்களில் சிலர் இன்று பர்மனென்ட். அவர்கள் வீட்டு வாசலிலும் மாமரம் இருக்கிறது. அப்பா பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை வறுக்கும் கொட்டகைக்குப் போய், அந்தப் புகையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, இப்போது டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தெருவில் அம்மாவை யாரும் அதன்பிறகு வீட்டு வேலைக்கு டவுன்ஷிப்புக்குள் கூட்டிப்போகவில்லை. அவள் கல் உடைத்தாள், களை எடுத்தாள், என்னைப் படிக்க வைத்தாள். நான் பட்டம் வாங்கினேன். டவுன்ஷிப்பில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். குளிர்சாதன அறை. நானும் கான்ட்ராக்ட்தான்.

என் கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே அப்பாவின் பெயர். ஆபீஸில் யாராவது அதைத் தப்பாக எழுதினால் நான் விடுவதில்லை. திருத்தும்வரை நகர மாட்டேன். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

ஆனால் மாமா ஸ்கூட்டரில் வந்து நின்ற அந்த மாலையில் எனக்கு இது எதுவும் தெரியாது. மாமா என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய்க் கேரியரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். "ஃபர்ஸ்ட் பிரைஸ் மாமா" என்றேன். அவர் மேல்மூடியைத் திறந்து, காலியாக இருந்த அடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார். "நல்லாப் படிம்மா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

"மாமா இவ்ளோ நேரம் என்னாப்பா சொன்னாரு?" என்று கேட்டேன்.

அப்பா ஸ்கூட்டர் போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உன்ன நல்லாப் படிக்க வைக்கச் சொன்னாரு பாப்பா" என்றார்.

அதற்காகவா அவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போய்ப் பழைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். அவளிடமிருந்து ஏதோ சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது என் படிப்புக்கு இடைஞ்சலாக இருந்தது. தெருமுனையைத் தாண்டுவதற்குள் மாமாவுக்குக் கேட்டுவிட வேண்டும் என்று, நான் குரலை உயர்த்தி இன்னும் சத்தமாகப் படித்தேன்.